ப்ராக் நகரை மேலிருந்து கீழாகப் பார்ப்பது எப்படி: மூன்று நாள் நடைவழி

செக் குடியரசின் தலைநகரான ப்ராக்குக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் செய்யும் தப்பை நானும் முதல் தடவை செய்தேன். பழைய நகரச் சதுக்கத்தில் ஆரம்பித்து, பதினொரு மணி வெயிலில் சார்லஸ் பாலத்தில் கூட்டத்தோடு நசுங்கி அக்கரை போய், அங்கிருந்து கோட்டைக்குப் படியேறினோம். பாதிப் படியிலேயே அம்மா உட்கார்ந்துவிட்டார். "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்கடா, நான் இங்கயே இருக்கேன்." மேலே போனால் பாதுகாப்புச் சோதனைக்கு நீண்ட வரிசை. அன்று நான் கோட்டையைப் பார்த்தேன் என்று சொல்வதைவிட, கோட்டைக்கு வெளியே நின்றேன் என்று சொல்வதுதான் சரி.

இரண்டாம் தடவை அதே வழியைத் தலைகீழாக்கினேன். டிராமில் மலை உச்சிக்குப் போய் இறங்கி, கோட்டை வழியாகக் கீழே நடந்து, பொழுது சாயும்போது ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தோம். இந்த முறை அம்மாவின் முழங்கால் எங்கேயும் முரண்டு பிடிக்கவில்லை. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்: ப்ராக்கில் தண்ணீர் ஓடுகிற திசையில் நடக்க வேண்டும், கூட்டம் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் நடக்க வேண்டும்.

புறப்படும் முன்

செக் குடியரசு, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக முடிகிற ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். வியன்னா, புடாபெஸ்ட் எல்லாம் சேர்த்துப் போகிறவர்கள் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறார்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் இங்கே யூரோ கிடையாது. கொருனாதான் பணம். பழைய நகரத்தில் சில கடைகள் யூரோவும் வாங்கும். ஆனால் அவர்கள் சொல்லும் கணக்கு உங்களுக்குச் சாதகமாக இருக்காது. கார்டு எல்லா இடத்திலும் ஓடும். இயந்திரம் "ரூபாயிலா, கொருனாவிலா" என்று கேட்டால் யோசிக்காமல் கொருனாவை அழுத்துங்கள். பணம் மாற்றும் கடைகளில் "கமிஷன் 0" என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து உள்ளே போகாதீர்கள். கமிஷனாக எடுக்க வேண்டியதை மாற்று விகிதத்தில் எடுத்துவிடுவார்கள். அப்படி மாட்டிக்கொண்டாலும் ஒரு வழி உண்டு. 2019-இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, 1,000 யூரோவரையிலான பரிமாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போய் ரத்து செய்யலாம். நடைபாதையில் வந்து "நல்ல ரேட் தருகிறேன்" என்பவரிடம் நிற்கவே நிற்காதீர்கள். கைக்கு வருவது கொருனாவாகவே இருக்காது.

காலணி பற்றி ஒரு வார்த்தை. ஊர் முழுக்க உருளைக் கல் பாவிய தெருக்கள். மெல்லிய அடிப்பாகம் கொண்ட செருப்பில் முதல் நாள் சாயங்காலமே கால் சொல்லிவிடும்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்

59-ஆம் எண் டிராலிபஸ் விமான நிலைய வாசலிலிருந்து வெலெஸ்லவீன் என்ற மெட்ரோ நிலையத்துக்குப் போகும். அங்கிருந்து பச்சை நிற ஏ தடம். பெட்டி அதிகமென்றால் முக்கிய ரயில் நிலையத்துக்கு நேராகப் போகும் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் பேருந்தில் ஏறிக்கொள்ளலாம். பலகைகளில் ஊர்ப் பெயர் "பிராஹா" என்றுதான் எழுதியிருக்கும், குழம்ப வேண்டாம்.

ஊருக்குள் மெட்ரோ, டிராம், பேருந்து எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். மூன்று நாள் தங்குகிறவர்களுக்கு 72 மணி நேர டிக்கெட் வசதி. ஆனால் ஒன்று, காகித டிக்கெட்டை வாங்கிப் பையில் வைத்தால் போதாது. முதல் தடவை ஏறும்போது மஞ்சள் நிறப் பெட்டியில் சொருகி முத்திரை குத்த வேண்டும். பரிசோதகர்கள் சாதாரண உடையில்தான் வருவார்கள். முத்திரை இல்லாத டிக்கெட்டும் டிக்கெட் இல்லாததும் அவர்களுக்கு ஒன்றுதான்.

சாலையைக் கடக்கும்போது இன்னொன்றும் நினைவிருக்கட்டும். வரிக்குதிரைக் கோட்டில் கார் உங்களுக்காக நிற்கும். டிராம் நிற்காது. சட்டப்படியே அங்கே டிராமுக்குத்தான் முன்னுரிமை.

முதல் நாள்: மலையிலிருந்து ஆற்றுக்கு

காலை எட்டு மணிக்கு முன்பே 22-ஆம் எண் டிராமைப் பிடியுங்கள். "ப்ராக் கோட்டை" என்று ஒரு நிறுத்தம் வரும், பாதிப் பேர் அங்கே இறங்குவார்கள். நீங்கள் இறங்காமல் அதற்கு அப்பால் போஹோர்ஜெலெட்ஸ் நிறுத்தம்வரை போங்கள். அங்கிருந்து சில நிமிட நடையில் ஸ்ட்ராஹோவ் மடாலயம். 12-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய மடம். அதன் பக்கவாட்டில் உள்ள மேடையில் நின்றால், கீழே பழத்தோட்டம், அப்பால் சிவப்பு ஓட்டுக் கூரைகள், நூறு கோபுரங்கள் என்று மொத்த ஊரும் விரிந்து கிடக்கும். அன்றைக்கு நடக்கப்போகும் வழியை அங்கிருந்தே விரலால் காட்டிவிடலாம். கூட வருகிறவர்களுக்கு அது பெரிய நம்பிக்கை.

மடத்தின் நூலகம் உலகப் புகழ்பெற்றது; ஆனால் புத்தக மண்டபங்களுக்குள் நடக்க விடமாட்டார்கள், வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதுதான். திறப்பதற்குள் ஒன்பது மணி ஆகிவிடும் என்பதால் இன்று விட்டுவிட்டு, வேண்டுமென்றால் மூன்றாம் நாள் வாருங்கள். வழியில் உள்ள லொரேட்டோ ஆலயத்தில் நற்கருணை அப்பத்தை வைத்துக் காட்டும், 6,222 வைரங்கள் பதித்த கதிர்ப்பாத்திரம் இருக்கிறது. நகை பார்ப்பதில் ஆசை உள்ளவர்கள் திரும்பி வரலாம். இன்றைய குறி கோட்டை. ஒன்பது மணிக்குக் கட்டிடங்கள் திறக்கும்போது நாம் உள்ளே இருக்க வேண்டும்.

கோட்டை என்றதும் செஞ்சி மாதிரி மதிலும் அகழியுமாகக் கற்பனை செய்துகொண்டு போகாதீர்கள். இது ஏறத்தாழ 70,000 சதுர மீட்டரில் அரண்மனை, தேவாலயம், தெரு, தோட்டம் எல்லாம் அடங்கிய ஒரு குட்டி ஊர். 9-ஆம் நூற்றாண்டிலிருந்து ஆட்சி இங்கேதான். இன்றும் செக் குடியரசுத் தலைவரின் அலுவலகம் உள்ளேதான் இருக்கிறது. வளாகத்துக்குள் நடக்கக் கட்டணம் இல்லை, கட்டிடங்களுக்குத்தான் டிக்கெட். முக்கியச் சுற்று டிக்கெட்டில் பேராலயம், பழைய அரண்மனை, புனித ஜார்ஜ் ஆலயம், பொன் சந்து நான்கும் அடங்கும். அது இரண்டு நாள் செல்லும். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற அவசரம் வேண்டாம்.

முதலில் புனித வீத்துஸ் பேராலயத்துக்குள் போய்விடுங்கள், காரணம் வரிசை. (ஞாயிறு காலையில் திருப்பலி நடப்பதால் பார்வையாளர்களுக்கு நண்பகல்வரை அனுமதி இல்லை. முதல் நாள் ஞாயிறாக வந்தால் நாட்களை இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.) 1344-இல் கட்டத் தொடங்கினார்கள், முடித்தது 1929-இல். நடுவில் போர், பணத் தட்டுப்பாடு, மதச் சண்டை என்று வேலை நூற்றாண்டுக் கணக்கில் நின்று கிடந்தது. அதனால் நீங்கள் நுழைகிற மேற்கு முகப்பும் அதன் இரட்டைக் கோபுரமும் 19, 20-ஆம் நூற்றாண்டு வேலை; உள்ளே பீடத்தைச் சுற்றியுள்ள பகுதிதான் 14-ஆம் நூற்றாண்டு. வெளியே சக்கர ஜன்னலுக்குக் கீழே உற்றுப் பாருங்கள். புனிதர்கள் இருக்க வேண்டிய இடத்தில் கோட்டும் சூட்டும் போட்ட ஆட்கள் செதுக்கப்பட்டிருப்பார்கள். ஆலயத்தைக் கட்டி முடித்தவர்கள்!

உள்ளே இடது பக்கம் மூன்றாவது சிற்றாலயத்தில் அல்ஃபோன்ஸ் முக்கா வரைந்த கண்ணாடி ஜன்னல். மற்ற ஜன்னல்கள் வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஒட்டிச் செய்தவை. இது கண்ணாடிமேல் தீட்டிய ஓவியம். நடுவில் சிவப்பு உடையில் சிறுவனாக இருப்பவர்தான் நாட்டின் காவலரான புனித வென்ஸஸ்லாஸ், பக்கத்தில் அவருடைய பாட்டி லுட்மிலா. ஜன்னலின் அடியில் செலவை ஏற்ற ஸ்லாவியா வங்கியின் பெயரும் இருக்கிறது. நம் கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுவது போலத்தான்.

வலது பக்கம் வென்ஸஸ்லாஸ் சிற்றாலயம். 1,300-க்கும் மேற்பட்ட பளபளக்கும் கற்களைச் சுவரில் பதித்திருக்கிறார்கள். அங்குள்ள ஒரு கதவின் பின்னால் போகும் வழியில்தான் போஹீமிய (செக் நாட்டின் பழைய பெயர் போஹீமியா) அரச கிரீடம் உள்ள அறை இருக்கிறது. அதற்கு ஏழு பூட்டு. சாவிகள் குடியரசுத் தலைவர், பிரதமர், பேராயர் என்று ஏழு பேரிடம். ஏழு பேரும் சேர்ந்தால்தான் திறக்கும்.

அடுத்து பழைய அரண்மனை. 1502-இல் முடிந்த விளாடிஸ்லாவ் மண்டபத்தில் தூணே கிடையாது. மழை பெய்தால் வீரர்கள் குதிரையோடு உள்ளே வந்து ஈட்டிப் போட்டி நடத்துவார்களாம். அதற்காகவே குதிரை ஏறுகிற மாதிரி தாழ்வான, அகலமான படிகள் கட்டியிருக்கிறார்கள். வெளியேறும்போது அந்தப் படியில்தான் இறங்குவீர்கள்.

மண்டபத்தை ஒட்டிய அலுவலக அறையின் ஜன்னல் ஒன்றுக்கு ஐரோப்பிய வரலாற்றில் பெரிய இடம் உண்டு. 1618 மே 23 அன்று, கோபம் கொண்ட புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் அரசரின் ஆளுநர்கள் இருவரையும் ஒரு எழுத்தரையும் அந்த ஜன்னல் வழியாகத் தூக்கி வெளியே போட்டார்கள். மூவரும் பிழைத்தார்கள். மாதா தாங்கிப் பிடித்தார் என்றார்கள் கத்தோலிக்கர்கள். குப்பைமேட்டில் விழுந்தார்கள் என்றார்கள் மற்றவர்கள். முப்பது ஆண்டுப் போருக்கு அதுதான் தொடக்கம். அந்த எழுத்தர் ஃபாப்ரிசியுஸுக்குப் பின்னால் அரசர் பிரபுப் பட்டம் கொடுத்தார். பட்டத்தின் பொருள் "உயரத்திலிருந்து விழுந்தவர்". ஜன்னலருகே போய்க் கீழே எட்டிப் பார்க்காமல் யாரும் நகர்வதில்லை.

பொன் சந்து மதிலோரமாகக் குனிந்து நுழைய வேண்டிய வண்ணக் குடிசைகள் கொண்ட ஒரு சிறு தெரு. 22-ஆம் எண் வீட்டை எழுத்தாளர் ஃப்ரான்ஸ் காஃப்காவின் தங்கை ஓட்லா வாடகைக்கு எடுத்திருந்தார். 1916-17 குளிர்காலத்தில் காஃப்கா அங்கே உட்கார்ந்து எழுதினார். இப்போது அங்கே கடை. ரசவாதிகள் இங்கே தங்கம் காய்ச்சினார்கள் என்பது கதை. குடியிருந்தவர்கள் கோட்டைக் காவலர்களும் கைவினைஞர்களும். மாலையில் கட்டிடங்கள் மூடிய பிறகு வீடுகளுக்குள் போக முடியாது, ஆனால் சந்துக்குள் டிக்கெட் இல்லாமலே நடக்கலாம். எனக்கு அந்த நேரம்தான் பிடிக்கும்.

பன்னிரண்டு மணிக்கு முதல் முற்றத்தில் இசையோடு காவலர் மாறும் சடங்கு நடக்கும். அது முடிந்ததும் அந்தக் கூட்டம் அப்படியே பேராலயத்தை நோக்கிப் பாயும். அப்போது நீங்கள் கோட்டையின் கிழக்கு வாசலில் இருந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்கிறது என்று அர்த்தம். அங்கிருந்து பழைய கோட்டைப் படிக்கட்டு, இறக்கம் மட்டும்தான். அம்மா உட்கார்ந்தது இந்தப் படியில்தான், ஏறும்போது.

கீழே வந்ததும் வாலன்ஸ்டைன் அரண்மனைத் தோட்டம். ஏப்ரல் முதல் அக்டோபர்வரை திறந்திருக்கும், கட்டணம் இல்லை. மயில்கள் சர்வசாதாரணமாக உலாவும். தோட்டத்தின் ஒரு சுவர் முழுக்க ஒழுகி உறைந்த சுண்ணாம்பு போலச் செய்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் பார்த்தால் அதில் முகங்களும் மிருகங்களும் தெரிய ஆரம்பிக்கும். குழந்தைகளோடு போனால் இங்கேயே அரை மணி நேரம் போய்விடும்.

அப்புறம் மாலா ஸ்த்ரானா சதுக்கம். பச்சைக் குவிமாடம் கொண்ட புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் மோட்சார்ட் ஆர்கன் வாசித்திருக்கிறார். 1791-இல் அவர் வியன்னாவில் இறந்தபோது இங்கே அவருக்காக இரங்கல் திருப்பலி நடந்தது. அங்கிருந்து தெற்கே கார்மெலிட்ஸ்கா தெருவில் ஐந்து நிமிடம் நடந்தால் வெற்றி அன்னை ஆலயம்.

நம் ஊர்க்காரர்கள் இதைத் தவற விடக் கூடாது. பெங்களூர் விவேக் நகரில் வியாழக்கிழமை தோறும் கூட்டம் அலைமோதுகிற குழந்தை இயேசு, தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் படமாகத் தொங்குகிற குழந்தை இயேசு, எல்லாவற்றுக்கும் மூலச் சொரூபம் இங்கேதான் இருக்கிறது. ஸ்பெயினிலிருந்து வந்த, மெழுகு பூசிய சிறு உருவம். உயரம் 47 சென்டிமீட்டர்தான். பொலிக்ஸேனா என்ற பிரபுகுலப் பெண்மணி 1628-இல் இதைக் கார்மேல் சபைத் துறவிகளுக்குக் கொடுத்தார். வழிபாட்டுக் காலத்துக்கு ஏற்ற நிறத்தில் அருட்சகோதரிகள் உடை மாற்றுகிறார்கள். மாடியில் உள்ள சிறு காட்சியகத்தில் பல நாடுகளிலிருந்து வந்த உடைகள் இருக்கின்றன. பேரரசி மரியா தெரேசா 1743-இல் கொடுத்த பச்சை உடை அவற்றில் பிரபலம். நுழைவுக் கட்டணம் கிடையாது. எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருக்கிறதே என்று முதலில் தோன்றும். அம்மா கிறிஸ்தவர் அல்ல. ஆனாலும் நாங்கள் அன்று அதிக நேரம் உட்கார்ந்திருந்தது அங்கேதான்.

மாலையில் காம்பா தீவு. ஜான் லெனன் சுவரைப் போகிற போக்கில் பார்த்தால் போதும். 1980-இல் லெனன் கொல்லப்பட்ட பிறகு இளைஞர்கள் இங்கே எழுதத் தொடங்கினார்கள். கம்யூனிஸ்ட் அரசு வெள்ளையடிக்க, அவர்கள் மறுபடியும் எழுத, அப்படியே தொடர்ந்தது. இன்று படமெடுப்பவர்கள்தான் அதிகம். சார்லஸ் பாலத்தில் ஏற வேண்டும் என்று கை பரபரக்கும். இன்று வேண்டாம்! தீவின் தென்கோடிக்குப் போய் அடுத்த பாலத்தில் ஏறி, அங்கிருந்து சார்லஸ் பாலத்தையும் மேலே விளக்கேற்றிய கோட்டையையும் பாருங்கள். பாலத்தின்மேல் நின்றால் பாலம் தெரியாதில்லையா.

இரண்டாம் நாள்: விடியற்காலைப் பாலம்

கோடையில் ஆறு மணிக்குள், குளிர்காலத்தில் ஏழரைக்குள் பாலத்தில் இருங்கள். பழைய நகரப் பக்கமாக வாருங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் எழுந்து கோட்டையின்மேல் படும்.

பாலத்தின் நீளம் 516 மீட்டர், வளைவுகள் 16. நான்காம் சார்லஸ் பேரரசர் 1357 ஜூலை 9 காலை 5 மணி 31 நிமிடத்துக்கு அடிக்கல் நாட்டினார் என்பார்கள். ஆண்டு, நாள், மாதம், மணி, நிமிடம் என்று வரிசையாக எழுதினால் 1-3-5-7-9-7-5-3-1 என்று ஒற்றைப்படை எண்கள் ஏறி இறங்கும். சோதிடர்கள் குறித்துக் கொடுத்த முகூர்த்தம் என்பது ஊர்ப் பேச்சு. ஆண்டு உறுதி, நிமிடம் கதை. சாந்தில் முட்டை கலந்தார்கள் என்பது இன்னொரு கதை: எல்லா ஊரும் முட்டை அனுப்ப, வெல்வாரி ஊர்க்காரர்கள் வழியில் உடையக் கூடாது என்று அவித்து அனுப்பினார்களாம். இன்றுவரை அவர்களுக்கு அந்தக் கேலி தீரவில்லை.

முப்பது சிலைகளில் பெரும்பாலானவை நகல்கள். அசல்கள் மழைக்குப் பயந்து அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. எல்லாவற்றிலும் பழையது 1683-இல் வைத்த, நெபோமுக் யோவான் என்ற குருவின் சிலை. 1393-இல் அரசரின் ஆட்கள் அவரை இந்தப் பாலத்திலிருந்துதான் ஆற்றில் தள்ளினார்கள். சிலையின் அடியில் உள்ள வெண்கலப் பலகைகள் ஆயிரக்கணக்கான கைகள் பட்டு மின்னும். நாய் உருவம்கூட மின்னுகிறது. அவர் விழுந்த இடம் அதுவல்ல. கொஞ்சம் தள்ளிக் கைப்பிடிச் சுவரில் ஐந்து நட்சத்திரத்தோடு ஒரு சிறு சிலுவை பதித்திருக்கும், வேண்டுதல் வைப்பவர்கள் அதில் கை வைக்க வேண்டும் என்பது உள்ளூர் மரபு.

கடிகாரத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பழைய நகரச் சதுக்கத்தின் வானியல் கடிகாரத்துக்கு முன்னால் மணிக்கொருமுறை நூற்றுக்கணக்கானோர் கைப்பேசியை உயர்த்திக்கொண்டு நிற்பார்கள். எலும்புக்கூடு மணிக் கயிற்றை இழுக்கும், ஜன்னல்கள் திறந்து பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் வந்து போவார்கள், சேவல் கூவும், முடிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகாது. "இவ்வளவுதானா?" என்று கலைந்துவிடுவார்கள். பொம்மைகள் பிற்காலச் சேர்க்கை. பார்க்க வேண்டியது 1410-இல் செய்த வட்டத்தை. கடிகாரக்காரர் காடான் ஊர் மிக்குலாஷ், கூடவே யான் ஷிண்டெல் என்ற வானியல் பேராசிரியர். ஹனுஷ் என்பவர் செய்தார், இன்னொன்று செய்துவிடக் கூடாது என்று நகர சபை அவர் கண்ணைப் பறித்தது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். நல்ல கதை, உண்மையில்லை.

பஞ்சாங்கம் தெரிந்த தமிழருக்கு இந்த வட்டம் புதிதே இல்லை. நடுவில் இருப்பது பூமி. சூரியனும் சந்திரனும் அதைச் சுற்றி வருகின்றன, நம் ஜாதகக் கட்டத்தில் போலவே.

நீல நிறம் பகல். ஆரஞ்சும் பழுப்பும் விடியலும் அந்தியும். கருப்பு இரவு. நீண்ட கையின் தங்கச் சூரியன் எந்த நிறத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். அந்தக் கையின் நுனி ரோமன் எண்களில் வழக்கமான மணியைக் காட்டும். அதற்கும் வெளியே கருப்பு வளையத்தில் பழைய எழுத்தில் 1 முதல் 24 வரை எண்கள். அவை பழைய போஹீமிய மணி. நாம் உதயாதி நாழிகை என்று சூரிய உதயத்திலிருந்து எண்ணுவோம். அவர்கள் அஸ்தமனத்திலிருந்து எண்ணினார்கள். பொழுது சாயும் நேரம் மாறிக்கொண்டே இருப்பதால் இந்த வளையம் ஆண்டு முழுக்க முன்னும் பின்னும் நகரும்.

நீலப் பகுதியில் வளைந்த கோடுகள் பகலைப் பன்னிரண்டு பங்காகப் பிரிக்கும். கோடையில் ஒரு பங்கு நீளம், குளிர்காலத்தில் குட்டை. நாம் ஓரை என்று சொல்கிறோமே, அதே கணக்கு. சொல்லும் கிரேக்கத்திலிருந்து வந்த அதே சொல்தான்.

மையத்திலிருந்து விலகிச் சுழலும் சிறு வளையம் ராசிச் சக்கரம். சூரியன் எந்த ராசியில் என்பதை அதில் பார்க்கலாம். ஆனால் உங்கள் கணக்கோடு ஒத்துப் போகாது. இது சாயன முறை, வசந்த காலத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளிலிருந்து ராசிகளை எண்ணுவது. மார்ச் 20, 21-லேயே சூரியன் மேஷத்துக்கு வந்துவிடும். நம் பஞ்சாங்கம் நிரயனம், அதாவது நட்சத்திரங்களை வைத்து எண்ணுவது; மேஷத்துக்கு வர ஏப்ரல் 14 ஆகிவிடும். பாதி வெள்ளி, பாதி கருப்பான உருண்டைதான் சந்திரன், வளர்பிறை தேய்பிறைக்கு ஏற்பத் தானே திரும்பிக்கொள்ளும். கீழே உள்ள இன்னொரு வட்டம் நாட்காட்டி. ஓவியர் யோசெஃப் மானெஸ் 19-ஆம் நூற்றாண்டில் தீட்டியதன் நகல்.

இதையெல்லாம் மணியடித்து முடிந்து கூட்டம் கலைந்த பிறகு நின்று நிதானமாகப் படியுங்கள். மணியடிக்கும்போது பையின் ஜிப்பைக் கவனியுங்கள். எல்லாரும் அண்ணாந்து பார்க்கிற நேரம் ஜேப்படிக்காரர்களின் நேரம்.

கடிகாரத்தைப் பார்த்து நின்றால் வலப்புறம், கோபுரத்தின் அருகே தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள். அரசருக்கு எதிராகக் கிளர்ந்து வெள்ளை மலைப் போரில் தோற்ற போஹீமியத் தலைவர்கள் 27 பேருக்கு 1621 ஜூன் 21 அன்று இங்கே மரண தண்டனை நிறைவேற்றினார்கள். நேற்று பார்த்த ஜன்னலில் ஆரம்பித்த கிளர்ச்சி இங்கே வந்து முடிந்தது. எதிரே இரட்டைக் கோபுரத்தோடு டீன் ஆலயம்; வானியலாளர் டைகோ பிராஹே 1601-இல் இறந்து அதற்குள் புதைக்கப்பட்டிருக்கிறார்.

யூதர் குடியிருப்பு

சதுக்கத்திலிருந்து வடக்கே ஐந்து நிமிடத்தில் யோசெஃபோவ். சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களும் விடுமுறை. ஆண்கள் தலையை மறைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் வாங்கலாம். ஆனால் எல்லா இடத்துக்கும் ஓடாதீர்கள். இரண்டு போதும்.

ஒன்று பின்காஸ் தொழுகைக்கூடம். நாஜிகள் கொன்ற போஹீமிய, மொராவிய யூதர்கள் ஏறத்தாழ 80,000 பேரின் பெயர்களைச் சுவர் முழுக்கக் கையால் எழுதியிருக்கிறார்கள். ஊர், குடும்பப் பெயர், பிறந்த நாள், கடைசியாக உயிரோடு இருந்ததாகத் தெரிந்த நாள். மாடியில் டெரெசின் முகாமில் இருந்த குழந்தைகள் வரைந்த படங்கள். ஃப்ரீடல் டிக்கர்-பிரான்டைஸ் என்ற ஓவியர் அங்கே ரகசியமாகப் பிள்ளைகளுக்கு வரையக் கற்றுக்கொடுத்தார். 1944-இல் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டு அவரும் கொல்லப்பட்டார். பட்டாம்பூச்சி, வீடு, சாப்பாட்டு மேசை என்று எந்தக் குழந்தையும் வரைகிற படங்கள். அருகிலேயே பெயர்.

இரண்டு, அதை ஒட்டிய பழைய கல்லறை. 15-ஆம் நூற்றாண்டிலிருந்து 1787வரை யூதர்கள் புதைக்கப்பட்ட இடம். இடம் போதாமல் மண்ணை நிரப்பி ஒன்றின்மேல் ஒன்றாக, சில இடங்களில் பன்னிரண்டு அடுக்குவரை புதைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 12,000 கற்கள் ஒன்றையொன்று சாய்ந்து நிற்கின்றன. கோலெம் என்ற மண் மனிதனை உண்டாக்கியதாகக் கதை சொல்லப்படும் யூத மதகுரு ரபி லோவ் இங்கேதான் அடங்கியிருக்கிறார். அவர் கல்லின் இடுக்கில் சிறு கூழாங்கற்களும் மடித்த சீட்டுகளும் இருக்கும்.

இதற்குப் பிறகு உடனே வேறெதையும் பார்க்க மனம் வராது. சாப்பிடப் போங்கள்.

சாப்பாடு

சதுக்கத்தை ஒட்டிய உணவகங்களில் உட்காராதீர்கள். இரண்டு தெரு தள்ளினால் விலை பாதியாகிவிடும். சைவம் என்றால் "பெஸ் மசா" என்று கேளுங்கள், இறைச்சி இல்லாமல் என்று பொருள். உணவுப் பட்டியலிலும் அப்படி ஒரு பகுதி இருக்கும். வறுத்த பாலாடைக்கட்டி எல்லா இடத்திலும் கிடைக்கும். பிராம்போராக் என்ற உருளைக்கிழங்கு அடை பூண்டு மணக்க நன்றாக இருக்கும். காளானும் சோயிக்கீரையும் போட்ட குலாய்டா சூப் எனக்குப் பிடித்தது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ஸ்விச்கோவா, குலாஷ் இரண்டிலும் ஜாக்கிரதை. தெருவில் சுடும் ட்ர்டெல்னிக் என்ற சர்க்கரைச் சுருளைப் "பழைய போஹீமியப் பலகாரம்" என்று விற்பார்கள். ப்ராக்கில் அது சுற்றுலாவோடு வந்த புதுசு. ருசிக்கு ஒன்று சாப்பிடலாம், பாரம்பரியத்துக்காக வேண்டாம். சதுக்கக் கடைகளில் ஹாம் சுட்டு விற்பார்கள். எழுதியிருக்கும் விலை 100 கிராமுக்கு, அவர்கள் வெட்டித் தட்டில் வைப்பதோ முந்நூறு, நானூறு கிராம்.

மாலை: வென்ஸஸ்லாஸ் சதுக்கம்

சதுக்கம் என்று பெயர்தான், உண்மையில் 750 மீட்டர் நீளமுள்ள அகலச் சாலை. ஒரு காலத்தில் குதிரைச் சந்தை. 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் இங்கே நுழைந்தன. 1969 ஜனவரியில் யான் பாலாக் என்ற மாணவர் அதை எதிர்த்து இங்கே தீக்குளித்தார். தேசிய அருங்காட்சியகத்தின் முன் நடைபாதையில் உருகிய சிலுவை போல ஒரு நினைவுச் சின்னம் தரையோடு தரையாகக் கிடக்கும். தெரியாமல் மிதித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. 1989 நவம்பரில் கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்ததும் இதே சாலையில் திரண்ட மக்களால்தான்.

1968 நமக்கும் சம்பந்தம் உள்ள ஆண்டு. சங்கப் பாடல்களையும் தமிழ் இலக்கிய வரலாற்றையும் மேற்குலகுக்குக் கொண்டுபோன கமில் சுவெலபில் இந்த ஊரில் 1927-இல் பிறந்தவர், 1348-இல் தொடங்கிய இங்குள்ள சார்லஸ் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர். அந்தப் படையெடுப்புக்குப் பிறகு நாட்டை விட்டு வெளியேறி, பின்னால் நெதர்லாந்தில் பேராசிரியரானார். இந்தச் சாலையில் நடக்கும்போது எனக்கு அவர் ஞாபகம் வரும்.

மூன்றாம் நாள்: விஷெஹ்ராடிலிருந்து லெட்னாவரை

சிவப்பு சி தடத்தில் விஷெஹ்ராட் நிலையத்தில் இறங்கினால் சமதளமாகவே பழைய மலைக்கோட்டைக்குள் நுழைந்துவிடலாம். மதில்மேல் நடந்தால் ஆறு காலடியில். உள்ளூர்க்காரர்கள் நாயோடு உலாவும் இடம், கூட்டம் குறைவு. கல்லறைத் தோட்டத்தில் இசையமைப்பாளர்கள் ட்வோர்ஷாக், ஸ்மெட்டனா, முதல் நாள் பார்த்த ஜன்னலின் முக்கா, ரோபோ என்ற சொல்லை உலகுக்குத் தந்த காரெல் சாப்பெக் எல்லாரும் அடங்கியிருக்கிறார்கள். (சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அண்ணன் யோசெஃப் என்று காரெலே சொல்லியிருக்கிறார்.)

கீழே இறங்கி ஆற்றோரமாக வடக்கே நடங்கள். சனிக்கிழமை காலையானால் கரையில் விவசாயிகள் சந்தை. 1996-இல் கட்டிய நடனமாடும் வீடு வழியில் வரும். வெளியே நின்று பார்த்தால் போதும். தேசிய நாடக அரங்கிலிருந்து உள்பக்கம் திரும்பினால், ஒரு வணிக வளாகத்தின் பின்னால் காஃப்காவின் பிரம்மாண்டமான தலை: 42 எஃகு அடுக்குகள் தனித்தனியே சுழன்று, முகம் கலைந்து மறுபடி கூடும். அலுவலக வேலை பார்த்துக்கொண்டே எழுதியவருக்கு அலுவலகக் கட்டிடங்களுக்கு நடுவே சிலை வைத்திருக்கிறார்கள்.

மதியம் கால் வலித்தால் ஓய்வெடுங்கள். வலிக்கவில்லையென்றால் 22-ஐப் பிடித்து விட்டுப்போன ஸ்ட்ராஹோவ் நூலகம்.

சூரியன் சாய ஒரு மணி நேரம் முன்பு லெட்னா பூங்காவுக்கு வந்துவிடுங்கள். ஜூனில் ஒன்பது மணிக்கு மேல், டிசம்பரில் நாலு மணிக்கே அஸ்தமனம். ஸ்டாலினுக்கு 1955-இல் பெரிய சிலை வைத்து, 1962-இல் வெடிவைத்துத் தகர்த்த மேடையில் இப்போது இசைக்குத் தாளம் காட்டும் மெட்ரோனோம் கருவியின் பெரிய முள் ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது. பையன்கள் சறுக்குப் பலகை விட்டுக்கொண்டிருப்பார்கள். அங்கிருந்து பார்த்தால் ஆற்றின் பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டும். நேற்று விடியலில் நின்ற பாலமும் அதில் ஒன்று.

இருட்டிய பிறகு மேடைக்குக் கீழேயுள்ள படிகளில் இறங்கி, எதிரே உள்ள பாலத்தைக் கடந்து, பாரிஸ் தெருவில் நேராக நடந்தால் பழைய நகரச் சதுக்கம்தான். எங்கேயாவது சாப்பிட்டுவிட்டு, பதினொரு மணிக்குக் கடிகாரத்தின் முன்னால் நில்லுங்கள். அன்றைய கடைசி ஆட்டம் அதுதான். பகலில் இருந்த நெரிசல் இருக்காது. குளிர்காலமானால் தங்கச் சூரியன் கருப்பு வட்டத்துக்குள் போயிருக்கும். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். பக்கத்தில் நின்று விழிக்கிறவருக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்கள்.